ஆறு மணி நாற்பது நிமிடம்

நிமிஷக்காரர் (1950–2019) நகரக் குடிநீர் வாரியத்தின் பண்டகசாலையில் முப்பத்துநான்கு ஆண்டுகள் பொறுப்பாளராக இருந்தவர். மனைவி, மணமாகி வேற்றூர் சென்ற மகள், மனைவியின் தம்பியாகிய மைத்துனர் ஆகியோரே அவருடைய நெருங்கிய சொந்தம். அவருடைய வாழ்க்கையைச் சொல்லப் புகுந்தால் பாதிக்குமேல் அந்த மைத்துனரைப் பற்றியதாகவே அமையும். அவரே சொல்லியிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

பட்டப்பெயர் வந்த கதை சிறியது. ஒரு நாள் பம்பு மேஸ்திரி வந்து, வால்வு எப்போது கிடைக்கும் என்று கேட்டார். வேறு எவராயினும் நாளைக்கு வாருங்கள் என்று கையை விரித்திருப்பார்கள். இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினொன்னு நாப்பதுக்கு லாரி வரும். இறக்கப் பதினஞ்சு நிமிஷம். எண்ணிப் பாக்க ஒம்போது நிமிஷம். பன்னெண்டு நாலுக்கு வாங்க."

"அஞ்சுக்கு வந்தா குடுக்க மாட்டீங்களா?"

"குடுப்பேன். ஆனா நீங்க ஒரு நிமிஷம் லேட்டு."

மேஸ்திரி போகிற வழியெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார். மாலைக்குள் பெயர் நிலைத்துவிட்டது. அவருக்கு அதில் வருத்தமில்லை; உள்ளூரப் பெருமைகூட உண்டு.

பண்டகசாலை நீளமான ஓட்டுக்கட்டடம். மூன்று வரிசை இரும்பு அடுக்குகள். முன்னால் ஒரு மரத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்பவர்கள், இந்தப் பக்கம் அவர். பழையதைக் கொடுத்தால்தான் புதியது என்பது அங்கே மாறாத விதி. தேய்ந்த துடைப்பத்தை நீட்டினால் புதுத் துடைப்பம்; கிழிந்த கையுறைக்குப் புதுக் கையுறை. ஒரு சமயம் தலைமைப் பொறியாளர் புது ரப்பர் பூட்ஸ் கேட்டு ஆளனுப்பியபோது, பழைய ஜோடி எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பியவர் அவர். டார்ச் பேட்டரிக்கும் அதே விதிதான். கொண்டுவந்த பேட்டரியை ஒரு சோதனை பல்பில் பொருத்திப் பார்ப்பார். இழை சிவப்பாக எரிந்தால் புதியதை எடுத்துக் கொடுப்பார். மஞ்சளாக எரிந்தால், "இன்னும் பழுக்கலையே, கொண்டு போங்க" என்பார்.

பழுப்பது என்பது அவர் கண்டுபிடித்த சொல் அன்று. அது சுரங்கக் கால்வாயில் நடப்பவர்களின் சொல். அவர்களுக்குத் தலைவராக நடந்தவர்தான் மைத்துனர்.

நீர்த்தேக்கத்திலிருந்து சுத்திகரிப்பு நிலையத்துக்கு மூன்று கிலோமீட்டர் நீளத்தில் ஒரு சுரங்கக் கால்வாய் வருகிறது. மாதத்தில் இரண்டு நாள் மதகை அடைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, ஆட்கள் உள்ளே நடந்து சுவரில் விரிசல் பார்ப்பார்கள். விரிசலைக் கண்டால் சாக்பீஸால் வட்டமிட்டு எண் எழுதவேண்டும். ஒரு நடைக்கு நான்கு மணி நேரம் பிடிக்கும். வழியில் வண்டல் தேங்குவதற்கென்று ஆள் உயரத்துக்குமேல் ஆழமான குழிகள் ஐந்து உண்டு. ஒவ்வொன்றின் ஓரமாகவும் ஒற்றையடி அகலத்தில் ஒரு மேடை. வெளிச்சம் இருந்தால் குழந்தைகூடக் கடந்துவிடும்.

பழைய பல்பு டார்ச்சுக்கு ஒரு குணம் இருந்தது. பேட்டரி தீரத்தீர வெளிச்சம் வெள்ளையிலிருந்து மஞ்சளாகும், மஞ்சளிலிருந்து செம்மஞ்சளாகும், கடைசியில் தணலைப்போல் சிவக்கும். முழுதும் அணைய இன்னும் முக்கால் மணி நேரமாவது இருக்கும். செம்மஞ்சள் கண்டதும் நடப்பவர்கள் "பழுத்துடுச்சுப்பா" என்று குரல் கொடுத்து, அருகில் மேலேறுவதற்கு இருக்கும் ஏணித் துளைக்குத் திரும்பிவிடுவார்கள். அவர்கள் கடிகாரம் பார்ப்பதில்லை. வெளிச்சத்தின் நிறத்தைத்தான் பார்த்தார்கள். பத்தொன்பது ஆண்டுகளில் மைத்துனருடன் உள்ளே போன ஒருவருக்கும் கணுக்கால்கூடச் சுளுக்கியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மைத்துனர் அக்காள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். சாப்பாட்டு மேசையில் சுரங்கத்துக் கதைகள்தாம்.

"மாமா, நீங்க ஒரு தடவையாவது உள்ள வாங்க. உங்க டார்ச்சு எப்படி வேலை செய்யுதுன்னு பாக்க வேண்டாமா?"

"நான் உள்ள வந்தா கடையை யாரு பாப்பா?"

"கடையா! அக்கா, கேட்டியா? கவர்மென்ட் குடோனைக் கடைங்கறார். ஒரு பேட்டரி வாங்கறதுக்குள்ள எங்களுக்கு வயசாகிப் போகுது."

"பழுத்ததைக் கொண்டு வா மாப்பிள்ளை, அடுத்த நிமிஷம் புதுசு தர்றேன்."

ஆகவே உள்ளே நடப்பவர்களுக்குப் பழுப்பது எத்தனை முக்கியம் என்று அவருக்குத் தெரியாமலில்லை. பின்னாளில் தமக்குத் தாமே எத்தனையோ சமாதானம் சொல்லிப் பார்த்தபோதும், தெரியாது என்ற ஒன்றை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை.

2008 ஜூன் மாதம் வாரியம் பல்பு டார்ச்சுகளைக் கைவிட்டுச் சிறிய எல்.இ.டி. டார்ச்சுகளை வாங்கத் தீர்மானித்தது. உள்ளங்கையில் அடங்கக்கூடியவை, இரண்டு பென்சில் பேட்டரியில் எரிபவை. ஐந்து மாதிரிகள் வந்தன. அ, ஆ, இ, ஈ, உ என்று எழுத்து ஒட்டி, எது நெடுநேரம் எரிகிறது என்று ஒப்பிட்டு அறிக்கை தரும் பொறுப்பு நிமிஷக்காரரிடம் வந்தது. இதைவிடப் பொருத்தமான ஆள் அந்த வாரியத்தில் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். அவரும் அப்படியே நினைத்தார்.

சோதனை முறை படிவத்திலேயே அச்சாகியிருந்தது. இருட்டறையில் பத்தடி தூரத்துச் சுவரில் ஓர் அச்சிட்ட தாளை ஒட்டவேண்டும். டார்ச்சைப் புதுப் பேட்டரியுடன் அதன்மேல் பாயவிட்டு, தாளின் எழுத்தைப் படிக்க முடியாமற்போகும் நேரத்தைக் குறிக்கவேண்டும். அவர் பண்டகசாலைக் கோடியில் இருந்த ஜன்னலில்லாத அறையைத் தேர்ந்தெடுத்தார். முன்பு பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் இருந்த இடம். நெடி இன்னும் போகவில்லை. கண்ணெரிச்சலைப் பொறுத்துக்கொண்டு ஒரு முக்காலியில் அமர்ந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தாளின் நான்காம் வரியை வாய்விட்டுப் படித்து, அடையாளமிட்டார். ஒவ்வொரு மாதிரியையும் மூன்று தடவை சோதித்தார். படிவம் ஒரு தடவைதான் கேட்டது.

'ஆ' மாதிரியில் எழுத்து இரண்டு மணி ஐம்பது நிமிடம் தெரிந்தது. அதன்பின் வெளிச்சம் மெல்லமெல்லக் குறைந்து, படிக்க உதவாமல், ஆனால் தரையையும் சுவரையும் காட்டியபடி, மேலும் ஒன்பது மணி நேரம் மினுங்கிக்கொண்டிருந்தது. 'அ', 'இ', 'உ' மூன்றும் ஏறத்தாழ அதே சாதி. 'ஈ' மட்டும் வேறு. அதனுள்ளே பேட்டரியின் வலு குறைந்தாலும் வெளிச்சம் குறையாதபடி பார்த்துக்கொள்ளும் ஒரு சிறு மின்சுற்று இருந்தது. முதல் நிமிடத்தில் எப்படியோ அப்படியே ஆறாம் மணியிலும் பளிச்சென்று எரிந்தது. நிமிஷக்காரருக்கு அதன்மேல் ஒருவிதப் பாசமே வந்துவிட்டது. தம்மைப்போலவே கடைசிவரை ஒழுங்காக வேலை செய்கிற பொருள் என்று எண்ணினார்.

ஆறு மணி நாற்பதாவது நிமிடம். தேநீர்க் கோப்பையை எடுக்கக் கை நீட்டினார். கோப்பை கைக்கு வருவதற்குள் அறை இருண்டது. மங்கவுமில்லை, நடுங்கவுமில்லை, ஒரேயடியாக அணைந்துவிட்டது. எழுந்தவர் முக்காலியில் கால் தடுக்கி, இரும்பு அடுக்கில் முழங்காலை மோதிக்கொண்டார். கதவைத் தடவிக் கண்டுபிடிக்க ஒரு நிமிடத்துக்குமேல் ஆயிற்று. வெளியே வந்து முழங்காலைத் தேய்த்தபடி தமக்குள் சிரித்தார். அடுத்த இரண்டு சோதனையிலும் அதே கதைதான்; அணையப்போகிற நேரம் தெரிந்திருந்தபடியால் உட்கார்ந்தே இருந்தார்.

தம் கைக்குறிப்பில் பென்சிலால் எழுதினார்: 'ஈ. முன்னறிவிப்பின்றி அணைகிறது. பழுப்பதில்லை.'

மறுநாள் மை கொண்டு படிவத்தில் எழுதும்போது 'குறிப்பு' என்ற கட்டத்தருகே பேனா தயங்கியது. அந்த நேரம் பார்த்துத் தலைமைப் பொறியாளர் உள்ளே வந்தார்.

"முடிஞ்சுதா? ஆஹா, ஆறு நாப்பதா! மத்ததெல்லாம் மூணைத் தாண்டலை. இதுல பேசறதுக்கு என்ன இருக்கு?"

"ஒரு சின்ன குறிப்பு எழுதலாம்னு பாக்கறேன் சார்."

"குறிப்பு எழுதினா மேலேருந்து கேள்வி வரும். கேள்வி வந்தா ஃபைல் திரும்பும். அடுத்த வருஷம் மழைக்குத்தான் டார்ச்சு வாங்குவோம். உங்க ரிப்போர்ட்டு எப்பவும் சுத்தமா இருக்கும்னுதானே உங்ககிட்ட குடுத்தேன்?"

நிமிஷக்காரர் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார். அதன்பின் பென்சில் குறிப்பை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார். கிழித்துப் போடவில்லை. எதையும் கிழித்துப் போடும் பழக்கம் அவருக்கு இல்லை.

'ஈ' மாதிரி வாங்கப்பட்டது. கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது: நடை நான்கு மணி, டார்ச் ஆறு மணி நாற்பது, ஆகையால் இனி ஆளுக்கு இரண்டு டார்ச் தேவையில்லை, ஒன்றே போதும்.

2009 பிப்ரவரி 12, வியாழக்கிழமை. அந்த மாதத்து நடையின் இரண்டாம் நாள். முதல் நாள் மைத்துனர் நான்கு மணி நேரம் நடந்து வெளியேறியபோது டார்ச் புத்தம்புதிதுபோல் எரிந்துகொண்டிருந்தது. பழுக்காத பேட்டரியை மாற்ற அவருக்கு எந்தக் காரணமுமில்லை. கொண்டுபோயிருந்தாலும் பண்டகசாலையில் கொடுத்திருக்கமாட்டார்கள். மறுநாள் காலை ஒன்பது பத்துக்கு அதே பேட்டரியுடன் இறங்கினார். குடிநீரில் விழுந்துவிடக்கூடாது என்பதற்காகக் கைப்பேசிகளை வாயிலிலேயே வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். கூட நடந்தவர் ஒரு விரிசலுக்கு எண் எழுதிக்கொண்டு இருநூறு அடி பின்தங்கியிருந்தார். பதினொன்று ஐம்பதுக்கு, மூன்றாம் குழியின் ஓரமேடையில் மைத்துனர் காலெடுத்து வைத்த நேரத்தில், வெளிச்சம் போயிற்று.

நேற்றைய நான்கு மணி. இன்றைய இரண்டு மணி நாற்பது நிமிடம். செய்தி பண்டகசாலைக்கு வந்தபோது நிமிஷக்காரர் கூட்டிப் பார்க்கவில்லை. கூட்டாமலே விடை தெரிந்தது.

தொடையெலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. முழங்கால் சிதறியிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலை உயரக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"மாமா, லைட்டு பழுக்கவே இல்லை மாமா," என்றார் மைத்துனர். மருந்து மயக்கத்திலும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். "பளிச்சுன்னு இருந்துச்சு. யாரோ கண்ணைப் பொத்தின மாதிரி ஆயிடுச்சு. எனக்கு ஒண்ணுமே புரியலை."

"பேசாம படு மாப்பிள்ளை. அப்புறம் பேசிக்கலாம்."

அப்புறம் என்பது ஒரு மாதம் கழித்து விசாரணை அறையில் வந்தது. நீள மேசைக்கு ஒருபுறம் மூன்று அதிகாரிகள். அவர்களில் ஒருவர் தலைமைப் பொறியாளர். மறுபுறம் ஊன்றுகோலுடன் மைத்துனர். சுவரோரம் சாட்சியாக நிமிஷக்காரர், மடியில் சோதனைப் படிவத்துடன்.

"பேட்டரியைப் பாத்துட்டுத்தானே இறங்கணும்?" என்று கேட்டார் நடுவில் இருந்தவர்.

"பாத்தேன் சார். நல்லா எரிஞ்சுது. பழுக்கலை."

"பழுக்கலையா? அது என்ன மாம்பழமா?"

மூவரும் சிரித்தார்கள். மைத்துனரின் காது சிவந்தது. அவர் திரும்பிச் சுவரோரம் பார்த்தார். அந்த அறையில் அந்தச் சொல்லின் பொருள் தெரிந்தவர் அவரைத் தவிர இன்னும் ஒருவர்தான். இதை நீங்கள் சொல்லுங்கள் மாமா என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"ஸ்டோர்ஸ்காரர் சொல்லுங்க. டார்ச்சு எவ்வளவு நேரம் எரியும்?"

"ஆறு மணி நாப்பது நிமிஷம் சார். மூணு தடவை சோதிச்சது."

"குறை ஏதாவது இருந்துதா?"

தலைமைப் பொறியாளர் தம் பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். நிமிஷக்காரருக்கு ஓய்வு பெற இன்னும் ஓராண்டும் சில மாதங்களும் இருந்தன. முப்பத்துமூன்று ஆண்டுப் பணிப்பதிவேட்டில் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. நாக்கின் நுனிவரை வந்ததை மென்று விழுங்கினார்.

"இல்லை சார்."

அது பொய்யன்று. படிவத்தில் அப்படித்தான் இருந்தது.

மைத்துனரின் பணிப்பதிவேட்டில் ஒரு சொல் எழுதப்பட்டது: கவனக்குறைவு. எலும்பு கூடிய பிறகு அவருக்குச் சுத்திகரிப்பு நிலைய வாயிலில் வருவோர் போவோரைக் குறிக்கும் வேலை கொடுத்தார்கள். அதன்பின் புதிதாக வந்த பணியாளர்களுக்கு அவர் பத்தொன்பது வருடம் நடந்ததுகூடத் தெரியாது. பேட்டரி பார்க்காமல் இறங்கி விழுந்தவர் என்று மட்டும் தெரியும். சாயங்காலம் வீட்டுக்குப் புறப்படுகிறவர்கள் வாயிலில் சைக்கிளை நிறுத்தி, "அண்ணே, பேட்டரி பாத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். விளையாட்டாகத்தான். எட்டு ஆண்டுகள் அந்த விளையாட்டு நடந்தது.

நிமிஷக்காரர் 2010இல் ஓய்வு பெற்றார். இழுப்பறையைக் காலி செய்தபோது பென்சில் குறிப்பும் வீட்டுக்கு வந்தது. உண்மையைச் சொல்லிவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தார். ஆனால் வெறும் வாயால் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? தக்க சான்று வேண்டும். சான்றென்றால் ஐந்து மாதிரி போதாது. கடையில் கிடைக்கிற எல்லா வகையும் வேண்டும்.

சமையலறையை ஒட்டிய சாமான் அறை சோதனைக்கூடமாயிற்று. ஒரு புகைப்படக்காரரிடமிருந்து பழைய ஒளிமானி வாங்கினார். வெளிச்சத்தின் அளவைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து, வரைபடத்தாளில் கோடிழுத்தார். சில டார்ச்சுகளின் கோடு மலைச்சரிவுபோல் இறங்கியது. சிலவற்றின் கோடு நெடுநேரம் சமமாக ஓடி, திடீரென்று செங்குத்தாக விழுந்தது. ஒவ்வொரு டார்ச்சுக்கும் மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் புதுப் பேட்டரி. அறையின் வெப்பம்கூடக் குறிக்கப்பட்டது. வெயில் காலத்தில் எடுத்த அளவும் மழைக் காலத்தில் எடுத்த அளவும் பொருந்தவில்லை என்று கண்டபோது எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார்.

"வெங்காயத்துக்கு எதுக்குங்க இவ்வளவு வெளிச்சம்?" என்பார் மனைவி, கூடையை எடுக்க வருகையில். "அது என்ன பரிட்சைக்கா படிக்குது?"

"கதவைச் சாத்து. அளவு கெட்டுப் போகும்."

"அளவாம் அளவு. சர்க்கரை டப்பா எங்கன்னு கேட்டா தெரியாது. எந்த டார்ச்சு எப்ப சாகும்னு மட்டும் தெரியும்."

ஏழு ஆண்டுகளில் நாற்பத்தொரு டார்ச்சுகள். ஒன்று முடிந்ததும் இன்னொன்று கடையில் புதிதாக வந்திருக்கும். அதையும் சேர்த்தால்தான் ஒப்பீடு நிறைவாகும் என்று தோன்றும். எத்தனை பிற்பகல்கள் அந்தச் சிறிய அறையில் போயின என்பதை அவரே பின்னர் கூட்டிப் பார்த்தார். அந்தத் தொகையின்கீழ் ஒரு வரி எழுதி, உடனே அடித்துவிட்டார். அடித்ததன் கீழே 'தள்ளிப்போட்டேன்' என்ற ஒரு சொல் மட்டும் இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

மைத்துனர் அப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துகொண்டுதான் இருந்தார், காலை இழுத்து இழுத்து. விசாரணையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சுரங்கத்துக் கதைகளையும் சொல்வதில்லை. சாப்பிட்டுவிட்டுச் செய்தித்தாளைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்.

2017 ஏப்ரல் கடைசியில் மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி அடுத்த மாசம் முப்பத்தொண்ணோட ரிட்டயர் ஆகறான். விழா எதுவும் வேண்டாங்கறான். பேசறவங்க எல்லாம் பதிவேட்டைப் பாத்துட்டுத்தானே பேசுவாங்க, அதுல அந்த ஒரு வார்த்தை இருக்கே, எதுக்கு அத்தனை பேர் முன்னால உக்காரணும்னு கேக்கறான். பத்தொம்போது வருஷம் தலைவனா நடந்தவன், ஒரு மாலை வாங்கிக்கக்கூட கூச்சப்படறான்."

ஓய்வுக்குப்பின் பதிவேட்டை மூடிவிடுவார்கள். மூடிய பதிவேட்டில் எவரும் திருத்த முடியாது. நிமிஷக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து, ஏழாண்டு உழைப்பையும் முப்பத்தெட்டுப் பக்கத்தில் முத்துமுத்தான கையெழுத்தில் படியெடுத்தார். மே 8ஆம் தேதி திங்கட்கிழமை காலை வாரியத்துக்குப் போனார்.

தலைமைப் பொறியாளர் நாற்காலியில் இப்போது ஒரு பெண்மணி இருந்தார். மகள் வயதுதான் இருக்கும். எழுந்து நின்று வரவேற்று, உட்காரச் சொல்லி, முப்பத்தெட்டுப் பக்கத்தையும் பொறுமையாகப் புரட்டினார். கோடுகளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க சார். இப்படி ஒரு டெஸ்ட் எங்க லேப்லகூட பண்ண மாட்டாங்க. ஆனா இதை வச்சு நான் அவரோட ரிஜிஸ்டரைத் திருத்த முடியாதே."

"ஏம்மா? இந்த மாதிரி டார்ச்சு திடீர்னு அணையும்னு இதுல தெளிவா இருக்கே."

"இருக்கு சார். ஆனா அது இன்னைக்குத் தெரிஞ்சதுதானே? விசாரணை அன்னைக்கு யாருக்கும் தெரியாதுன்னுதான் ஃபைல் சொல்லுது. அன்னைக்கே தெரிஞ்சிருந்தும் உள்ள நடக்கறவங்ககிட்ட சொல்லலைன்னா, அப்பத்தான் தப்பு அவர் மேல இல்லைன்னு ஆகும். யாருக்காவது தெரிஞ்சிருந்துதா சார்?"

ஜன்னலுக்கு வெளியே வடிகட்டித் தொட்டிகளில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நிமிஷக்காரர் தம் சட்டைப்பையில் இருந்த மடித்த காகிதத்தை மேலோடு தொட்டுப் பார்த்தார். கொண்டுவந்திருந்தார்; ஆனால் முப்பத்தெட்டுப் பக்கத்தோடு அதைச் சேர்க்கவில்லை. சேர்க்காமலே காரியம் முடிந்துவிடும் என்றுதான் இத்தனை பக்கம் எழுதினார் என்பது அந்த நாற்காலியில்தான் அவருக்கு விளங்கியது.

"எனக்குத் தெரியும்," என்றார்.

அந்த அம்மையார் முப்பத்தெட்டுப் பக்கத்தையும் மூடி ஓரமாக வைத்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவர் முன்னே நகர்த்தினார். "அப்போ அதை மட்டும் எழுதிக் குடுங்க சார். ஒரு வரி போதும்."

எழுதும் முன் வேறோரிடத்தில் சொல்லவேண்டியிருக்கிறது, நாளை வருகிறேன் என்று சொல்லி எழுந்தார்.

மைத்துனர் வீட்டு முன்னறையில் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. "வாங்க மாமா, என்ன திங்கட்கிழமையில? அக்கா நல்லாத்தானே இருக்கா?" என்று கேட்டு எழப்போனவரைக் கையமர்த்திவிட்டு, காகிதத்தைப் பிரித்து அவர் கையில் கொடுத்தார். தேதி மேலே இருந்தது. 2008 ஜூன்.

மைத்துனர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டே வரி. ஆனால் நெடுநேரம் படித்தார்.

"பழுப்பதில்லைன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"எங்க வார்த்தையையே போட்டு எழுதியிருக்கீங்க மாமா."

நிமிஷக்காரர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அவங்க மாம்பழமான்னு கேட்டப்போ நான் உங்களைத்தான் பாத்தேன். டார்ச்சு அப்படித் திடீர்னு அணையும்னு மாமாவுக்குத் தெரியாது, அதான் பேச முடியலைன்னு நினைச்சுக்கிட்டேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு வந்து சாப்பிட்டேன்." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். "ஒரு வார்த்தை மாமா. உள்ள இறங்கறதுக்கு முன்னால என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. ஃபைல்ல வேண்டாம். சோறு போடறப்போ சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும் மாப்பிள்ளை."

"முழுசா சோதிச்சு முடிக்கட்டும்னு இருந்தீங்களாக்கும்."

மைத்துனர் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"போய் எழுதிக் குடுங்க. அந்த வார்த்தை போகணும். போனாப் போதும். ஆனா மாமா, கொஞ்ச நாள் நாம பாத்துக்க வேண்டாம். நானும் அங்க வரலை. நீங்களும் வராதீங்க."

மே 9ஆம் தேதி அந்த ஒரு வரி எழுதிக் கையெழுத்திடப்பட்டது. பென்சில் குறிப்பு அதனுடன் இணைக்கப்பட்டது. பத்து நாளில் 'கவனக்குறைவு' என்ற சொல்லின்மேல் சிவப்பு மையால் கோடிழுத்து, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டார்கள். 31ஆம் தேதி விழா நடந்தது. மைத்துனர் மாலை வாங்கிக்கொண்டார். பேசியவர்கள் பத்தொன்பது ஆண்டு நடையைப் பற்றிப் பேசினார்கள். நிமிஷக்காரரின் மனைவி போய்வந்தார். அவருக்கும் கணவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார், மனைவி இரண்டு நாள் சமைத்துவைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார், மூன்றாம் நாள், "என்கிட்டகூடவா?" என்று மட்டும் கேட்டார்.

டார்ச்சுச் சோதனை நின்றது. நாற்பத்தொன்றையும் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டார். சாமான் அறை மீண்டும் வெங்காயத்துக்கே உரியதாயிற்று.

கொஞ்ச நாள் என்பது எத்தனை நாள் என்று அவர் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டார். வாழ்நாள் முழுதும் எவரிடமும் எதற்கும் நேரம் கேட்டுக் குறித்துக்கொண்ட மனிதர் இதை மட்டும் கேட்கவில்லை. கேட்கும் தகுதி தமக்கு இல்லை என்று நினைத்தார். மைத்துனர் கூப்பிடுவார் என்று காத்திருந்தார். மைத்துனர் அக்காளுக்குத் தொலைபேசியில் பேசுவார். மாமா எப்படி இருக்கிறார் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். மனைவி அதைச் சொன்னால், "மரியாதைக்குக் கேக்கறான்" என்பார். நீ போய்த்தான் பாரேன் என்று மகள் கடிதம் எழுதினாள். யோசிக்கிறேன் என்று பதில் எழுதினார்.

2019 மார்ச்சில், ஒரு விடியற்காலையில், தூக்கத்திலேயே போய்விட்டார். மைத்துனர் எல்லாருக்கும் முன்னால் வந்து சேர்ந்தார். காலை மடக்க முடியாமல் நீட்டியபடி தரையில் அக்காளருகே உட்கார்ந்தவர், நெடுநேரம் கழித்துச் சொன்னார்: "கொஞ்ச நாள்னா ஒரு மாசம், ரெண்டு மாசம்னுதான் அக்கா நான் நினைச்சேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வருவார்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன். அவராச்சே, நிமிஷம் தவறாம வந்துடுவாரேன்னு."

நிமிஷக்காரருடைய சட்டைப்பைக் குறிப்பேட்டைப் பிறகு மனைவி எடுத்துப் பார்த்தார். கடைசியாக எழுதியிருந்த பக்கத்தில் இது இருந்தது: '2019 ஜனவரி 20, ஞாயிறு. மாப்பிள்ளை வீடு. காலை 10.20க்கு வாசல் அடைந்தேன். உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. அழைப்பு மணியை அழுத்தவில்லை. 10.31க்குத் திரும்பினேன்.'